98 நோயாளிகள், நான்கு மணி நேரம்: ஒரு லூபஸ் சிறுமிக்காகப் பதிவேடுகளைத் தேடிய நிகழ்வு

மின்னணு மருத்துவப் பதிவுகளை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது பற்றிப் பேசும்போதெல்லாம் லட்சக்கணக்கான நோயாளிகள், பெரிய பெரிய சர்வர்கள் என்றுதான் பேச்சு போகும். நான் எடுத்துக்கொண்ட நிகழ்வு மிகச் சிறியது. ஒரே ஒரு நோயாளி, ஒரே ஒரு கேள்வி, தேடியது ஒரே ஒரு மருத்துவர். 2011 நவம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இரண்டு பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. எழுதியவர்கள் ஜெனிஃபர் ஃபிராங்கோவிச், கிறிஸ்டோபர் லாங்ஹர்ஸ்ட், ஸ்காட் சதர்லேண்ட் என்ற மூன்று ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள். பதிவுகளால் என்ன முடியும், எது முடியாது என்ற இரண்டையும் இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் வேறு நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

நோயாளியும் கேள்வியும்

13 வயதுச் சிறுமி, லூபஸ் நோய். அதாவது உடலின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது மூன்று சிக்கல்கள் ஒன்றாக இருந்தன. சிறுநீரில் புரதம் ஏராளமாக வெளியேறிக்கொண்டிருந்தது. கணையத்தில் அழற்சி. ரத்தத்தில் ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பான்கள்.

மூன்றும் சேர்ந்தால் மருத்துவர்களுக்கு வரும் பயம் ரத்தக்கட்டு. சிறுநீரில் புரதம் போகும்போது, ரத்தம் தேவையில்லாமல் உறையாதபடி பார்த்துக்கொள்ளும் ஆன்டித்ராம்பின் போன்ற புரதங்களும் கூடவே போய்விடும். ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பான்கள் ரத்தக்கட்டுக்கு வழிவிடும் என்பது பாடப்புத்தகச் செய்தி. அழற்சியும் தன் பங்குக்கு ரத்தத்தை உறையவைக்கும். கட்டு நுரையீரலுக்கோ மூளைக்கோ போனால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். அந்த மருந்துக்கு ரத்தக்கசிவு என்ற மறுபக்கம் உண்டு. கணையம் வீங்கியிருக்கும் குழந்தைக்கு, நாளைக்குச் சிறுநீரகத்தில் ஊசி போட்டுத் திசு எடுக்க வேண்டிவரலாம் என்ற நிலையில், யாரும் அதைச் சட்டென்று எழுதிக் கொடுத்துவிட மாட்டார்கள்.

மருத்துவர்கள் முதலில் வழக்கமான வழிகளில்தான் போனார்கள். வெளிவந்த ஆய்வுகளைத் தேடினார்கள், உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. சக மருத்துவர்களைக் கேட்டார்கள், ஒருமித்த கருத்து வரவில்லை. இதில் வியப்பு ஏதும் இல்லை. குழந்தைகளுக்கு லூபஸ் வருவதே அரிது. அதிலும் இந்த மூன்று சிக்கலும் சேர்ந்து வருவது அரிதிலும் அரிது. அப்படிப்பட்ட குழந்தைகளைத் திரட்டி, குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்து ஒரு சோதனையை யாரும் நடத்தி முடித்திருக்கப் போவதில்லை.

தேடிய விதம்

அந்த மருத்துவமனையின் மின்னணுப் பதிவுகள் ஸ்ட்ரைட் என்ற தரவுக் கிடங்கில் சேர்ந்துகொண்டிருந்தன. ஆராய்ச்சிக்காக ஸ்டான்ஃபோர்டு கட்டிய கிடங்கு அது. பரிசோதனை முடிவுகள், நோய்க் குறியீடுகள் மட்டுமின்றி மருத்துவர்கள் தட்டச்சு செய்த குறிப்புகளையும் சொல் வாரியாகத் தேடலாம். 2004 அக்டோபர் முதல் 2009 ஜூலை வரை தங்கள் பிரிவில் பார்த்த லூபஸ் குழந்தைகளின் பதிவுகளைத் தனியாக எடுத்தார்கள். 98 பேர்.

அப்புறம் செய்ததுதான் இந்த நிகழ்வின் உயிர்நாடி. 98 கேஸ் ஷீட்டையும் முதல் வரி முதல் கடைசி வரி வரை படிக்க வாரக்கணக்காகும். எனவே குறிச்சொற்களைக் கொடுத்து, அவை வரும் இடங்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்கட்டுக்கு அதைக் குறிக்கும் சொற்கள். கணைய அழற்சிக்கு அந்த நோயின் பெயரும், அதற்கான ரத்தப் பரிசோதனையான லிப்பேஸும். ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பான்களுக்குத் தேடிய சொல்தான் சுவாரசியமானது: ஆஸ்பிரின்.

ஏன் ஆஸ்பிரின்? அந்த எதிர்ப்பான் இருக்கிற குழந்தைகளுக்கு முன்னெச்சரிக்கையாகச் சிறிய அளவில் ஆஸ்பிரின் தருவது வழக்கம். குறிப்பில் எதிர்ப்பானின் பெயரை ஒருவர் நீட்டி எழுதியிருப்பார், ஒருவர் சுருக்கி எழுதியிருப்பார், இன்னொருவர் வேறு பெயரில் எழுதியிருப்பார். ஆஸ்பிரின் என்ற சொல்லை எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். அந்தச் சொல் எங்கே வருகிறதோ அதற்குப் பக்கத்திலேயே காரணமும் இருக்கும். இப்படித் தேடலாம் என்று ஒரு மென்பொருள் பொறியாளருக்குத் தோன்றாது. அந்தக் கிளினிக்கில் உட்கார்ந்து குறிப்பு எழுதியவருக்குத்தான் தோன்றும்.

குறிச்சொல் அகப்பட்ட இடத்தை மனிதக் கண் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'ரத்தக்கட்டு இல்லை', 'ரத்தக்கட்டு இருக்குமோ எனச் சந்தேகித்து ஸ்கேன் எடுத்தோம்', 'அம்மாவுக்கு முன்பு ரத்தக்கட்டு வந்ததுண்டு' என்ற மூன்று வரிகளிலும் அந்தச் சொல் இருக்கும், மூன்றிலும் நோயாளிக்குக் கட்டு இருக்காது. எண்ணிக்கையை மட்டும் நம்பினால் மூன்று பொய்யான நோயாளிகள் பட்டியலில் சேர்ந்துவிடுவார்கள்.

எல்லாம் சேர்த்து ஒரே மருத்துவருக்கு நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆனது.

கிடைத்த விடை

98 பேரில் 10 பேருக்கு ரத்தக்கட்டு வந்திருந்தது. புரதம் மிகுதியாக வெளியேறிய 36 பேரில் 8 பேருக்கு. கணைய அழற்சி கண்ட 8 பேரில் 5 பேருக்கு. அழற்சி இல்லாத மீதி 90 பேரில் கட்டு வந்தவர்களும் 5 பேர்தான் என்று வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது புரியும். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருந்த ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பான்களைப் பொறுத்தவரை குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

சேர்க்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் சிறுமிக்கு ரத்த உறைவுத் தடுப்பு மருந்து தருவது என்று முடிவானது. அது சரியான முடிவுதானா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவர்களே எழுதினார்கள். கட்டு வராமல் போனால் அது மருந்தினாலா, எப்படியும் வந்திருக்காதா என்பதை ஒரே நோயாளியை வைத்து எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் முன் இருந்த மாற்று வழி ஒருவர் நினைவில் நிற்கும் இரண்டு மூன்று பழைய நோயாளிகள் மட்டுமே. மோசமாகப் போன நோயாளிதான் மனதில் ஆழமாகப் பதிவார். நல்லபடியாக வீட்டுக்குப் போன 88 பேர் யார் நினைவில் இருப்பார்கள்? அந்த 88 பேரையும் கணக்கில் கொண்டுவந்ததே இந்தத் தேடலின் பெரிய லாபம் என்பேன்.

எங்கே இடிக்கிறது

இந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? கணைய அழற்சிக் கணக்கையே எடுப்போம். 8 பேரில் 5 பேர் என்பது 63 சதவீதம். கேட்கக் கணீரென்று இருக்கிறது. ஆனால் எட்டே பேர் என்பதால், புள்ளியியல் வழக்கப்படி உண்மை அளவு 24 சதவீதத்திலிருந்து 91 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். ஒரே ஒரு கேஸ் ஷீட் தவறாகப் படிக்கப்பட்டிருந்தாலும் 63 என்பது 50 ஆகிவிடும். இருந்தாலும் அழற்சி இல்லாதவர்களின் அளவான ஆறு சதவீதத்தைவிட 24 மிக அதிகம். ஆபத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் காட்ட இவ்வளவு போதும். ஆபத்தின் அளவைச் சொல்லப் போதாது.

இன்னொன்று, முன்பின் வரிசை. அழற்சி முதலில் வந்து கட்டு பின்னால் வந்ததா, அல்லது இரண்டும் ஒரே மோசமான கட்டத்தின் இரண்டு அடையாளங்களா? பதிவில் தேதி இருக்கும், ஆனால் அது கண்டுபிடித்த தேதி. நோய் தொடங்கிய தேதி எந்தப் பதிவிலும் இருக்காது. போதாக்குறைக்கு, இது பெரிய மருத்துவமனை. கடுமையான நோயாளிகள்தான் அங்கே வந்து சேர்வார்கள். லேசான லூபஸோடு உள்ளூர் மருத்துவரிடமே நின்றுவிட்ட குழந்தைகள் இந்த 98-க்குள் இல்லை.

எதிர்ப்பான் விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. பாடப்புத்தகம் ஆபத்து என்கிறது, இந்தப் பதிவுகள் வித்தியாசமில்லை என்கின்றன. புத்தகம் தப்பா? அவசரப்பட வேண்டாம். அந்தக் குழந்தைகளை ஆஸ்பிரின் என்ற சொல்லால்தானே தேடினோம்! ஆபத்து இருக்கிறது என்று தெரிந்ததால் அவர்களுக்கு ஏற்கெனவே தடுப்பு மருந்து போய்க்கொண்டிருந்தது. மருந்து ஓரளவு வேலை செய்திருந்தால் அவர்களுடைய ஆபத்து மற்றவர்கள் அளவுக்கு இறங்கி, எதிர்ப்பானால் ஒன்றும் இல்லை என்பது போலத் தோன்றும். 98 பேரை வைத்து இதை உறுதிசெய்யவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பதிவில் இருப்பது நோயின் இயல்பான போக்கு அல்ல, மருத்துவர்கள் குறுக்கிட்டு மாற்றிய போக்கு.

இதே பொறி பெரிய தரவுகளிலும் உண்டு. 1990-களில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளின் மரண ஆபத்தைக் கணிக்க ஒரு கணினி முறையைப் பழக்கினார்கள். ஆஸ்துமா இருந்தால் ஆபத்து குறைவு என்று அது கற்றுக்கொண்டது. காரணம், ஆஸ்துமாவோடு நிமோனியா வந்தவர்களை நேராக ஐசியூவுக்கு அனுப்பி விழுந்து விழுந்து கவனித்ததால் அவர்கள் பிழைத்தார்கள். கணினி சொன்னபடி அவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பாஸ்டன் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 272 வகை ஆய்வகப் பரிசோதனைகளை எடுத்துக்கொண்டு, முடிவு என்ன வந்தது என்பதை ஒதுக்கிவிட்டு, அந்தப் பரிசோதனைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்பதை மட்டும் பார்த்தார்கள். 233 பரிசோதனைகளில் அதற்கே நோயாளி பிழைப்பதோடு தொடர்பு இருந்தது. நாளின் எந்த நேரத்தில் எழுதிக் கொடுத்தார் என்ற தகவல், பல பரிசோதனைகளில், வந்த முடிவைவிட நன்றாகக் கணித்தது. யோசித்தால் நியாயம்தான். நள்ளிரவில் வெள்ளையணு எண்ணச் சொல்லும் மருத்துவர் ஏதோ பயந்துதான் சொல்கிறார். முடிவு இயல்பாக வந்தாலும் அந்தப் பயம் பதிவில் நேரமாகத் தங்கிவிடுகிறது. தரவுக் கிடங்கில் ஓர் எண்ணைப் பார்ப்பவர், அதைக் கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு தேடல் இத்தனை குறைகளோடும் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். தேடியவர்களின் பிரிவே அந்தக் குறிப்புகளை எழுதியது. எந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வழக்கம் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

எழுதியவரைத் தெரியாதபோது

பதிவு தூரம் போகப் போக அந்தப் பரிச்சயம் கழன்றுவிடும். ஓர் எல்லைக்கு மேல் பதிவு நிஜமாகவே இருக்கிறதா என்பதே கேள்வியாகிவிடும். 2020 மே 22 அன்று லான்செட் இதழில், கோவிட் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மருந்து பற்றிய ஆய்வு ஒன்று வந்தது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள். தரவு தந்தது சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம், எல்லாம் மின்னணுப் பதிவுகளிலிருந்து எடுத்தவை என்றது. மருந்து ஆபத்தானது என்று முடிவு சொன்னதால் உலக அளவில் நடந்துகொண்டிருந்த சோதனைகள் நிறுத்திவைக்கப்பட்டன. பிறகு ஒருவர் ஆஸ்திரேலியக் கணக்கைக் கூட்டிப் பார்த்தார். ஆய்வில் அந்நாட்டில் 73 மரணங்கள். அதே தேதி வரை அந்நாடு முழுவதும் பதிவான கோவிட் மரணங்கள் 67. மூலத் தரவை வெளியார் சரிபார்க்க நிறுவனம் விடவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. இரண்டே வாரம்.

அதே ஆண்டு பிரிட்டனில் ஓப்பன்சேஃப்லி என்ற திட்டம் நேரெதிர் வழியில் போனது. பதிவுகளை எங்கும் எடுத்துச் செல்லவில்லை. ஏற்கெனவே அவை இருந்த தரவு மையத்துக்குள்ளேயே கணக்குப்போடும் நிரலை அனுப்பினார்கள். எந்த நிரல் எப்போது ஓடியது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதல் பெரிய ஆய்வு 1.7 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகள் மீது ஓடியது. அங்கும் பொறி தப்பவில்லை. வயதையும் பாலினத்தையும் மட்டும் கணக்கில் எடுத்தபோது புகைப்பவர்களுக்குக் கோவிட் மரண ஆபத்து கூடுதலாகத் தெரிந்தது. நுரையீரல் நோய் போன்ற மற்ற எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டதும் புகைப்பது லேசாகக் காப்பது போல மாறிவிட்டது. புகை கெடுப்பதே நுரையீரல் வழியாகத்தான். அந்த வழியைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டால் மிச்சம் இருப்பதற்கு அர்த்தம் கிடையாது. ஆய்வாளர்கள் அதைக் கட்டுரையிலேயே விளக்கியிருந்தார்கள், நிரலும் திறந்தே இருந்தது. தலைப்புச் செய்திக்காக அலைபவர்களுக்கு விளக்கம் எப்போதும் நீளம்தான், அது வேறு விஷயம்.

சிகிச்சையா, ஆராய்ச்சியா

சிறுமியின் நிகழ்வில் இன்னொரு கேள்வியும் தொக்கி நிற்கிறது. 98 குழந்தைகளின் பதிவை வேறொரு குழந்தைக்காகத் திறந்தது எந்தக் கணக்கில் சேரும்? அமெரிக்க விதிகளில், பொதுவாகப் பொருந்தும் அறிவைத் தேடி முறையாகச் செய்வது ஆராய்ச்சி. அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். முன்னால் படுத்திருக்கும் நோயாளிக்காகச் செய்வது சிகிச்சை. நான்கு மணி நேரத் தேடல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அன்று மாலை அது சிகிச்சை. இதழில் அச்சானதும் உலகம் அதை ஆய்வாகப் படிக்கத் தொடங்கிவிட்டது.

பெயரை நீக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. தீராது. 1990-களில் மாசசூசெட்ஸ் மாநிலம் பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவமனைத் தரவிலிருந்து, அந்த மாநில ஆளுநரின் பதிவையே லடான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் கண்டெடுத்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு, கூடவே வாக்காளர் பட்டியல், அவ்வளவுதான் தேவைப்பட்டது. அரிய நோய் என்றால் தேதிகூட வேண்டாம். லூபஸும் கணைய அழற்சியும் சேர்ந்த 13 வயதுச் சிறுமிகள் ஓர் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்?

பச்சைப் பொத்தானும் அதற்குப் பிறகும்

2014-ல் லாங்ஹர்ஸ்ட், ராபர்ட் ஹாரிங்டன், நிகாம் ஷா மூவரும் இந்த அனுபவத்தை விரித்து ஒரு யோசனையை முன்வைத்தார்கள். மருத்துவர் திரையில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்க வேண்டும். அதை அழுத்தினால், 'இவரைப் போன்ற நோயாளிகளுக்கு முன்பு என்ன ஆனது' என்று பதிவுகளிலிருந்து பதில் வர வேண்டும். கவர்ச்சியான யோசனைதான். ஆனால் ஸ்டான்ஃபோர்டில் பிறகு நடைமுறைக்கு வந்ததைப் பார்த்தால் பொத்தானைவிட அதில் மனிதர்கள்தான் அதிகம். கேள்வி கேட்கும் மருத்துவர் ஒரு ஆலோசனைக் குழுவிடம் அனுப்புவார். அதில் ஒரு மருத்துவர், பதிவுத் தரவு நிபுணர், புள்ளியியல் தெரிந்தவர் என்று பல கைகள் சேர்ந்து வேலை செய்யும். முதல் வேலை கணக்குப் போடுவது அல்ல, கேள்வியைச் சீராக்குவது. 'இந்த மருந்து நல்லதா' என்று வந்த கேள்வி, யாருக்கு, எதோடு ஒப்பிட்டு, எத்தனை நாளுக்குள், எந்த விளைவு என்று உடைந்த பிறகுதான் தரவைத் தொடுவார்கள். எனக்கு இதுதான் சரியான போக்காகத் தெரிகிறது. ஆஸ்பிரினைத் தேடச் சொல்லும் ஆள் இல்லாமல் பொத்தானை மட்டும் வைத்தால், அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் எண் வரும். எண் வந்துவிட்டால் அதை நம்பாமல் இருப்பது கடினம்.

அப்படி ஆள் இருந்தாலும் ஒரு கேள்விக்குப் பழைய பதிவுகளால் பதில் சொல்ல முடியாது: மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்குக் குலுக்கல்தான் வேண்டும். பதிவுகள் அந்தக் குலுக்கலை மலிவாகவும் வேகமாகவும் ஆக்க முடியும் என்று கோவிட் சிகிச்சைகளைப் பரிசோதித்த பிரிட்டனின் ரெகவரி சோதனை காட்டியது. 2020 மார்ச்சில் தொடங்கியது. மருத்துவமனைகளில் கூட்டம் நெரிந்த நேரம் என்பதால் நோயாளியைச் சேர்க்கும் படிவத்தை மிகச் சுருக்கமாக வைத்தார்கள். எந்தச் சிகிச்சை என்பதைக் கணினி குலுக்கிச் சொன்னது. அதன்பின் நோயாளியைப் பின்தொடர்ந்து ஓடும் வேலையில் பெரும் பகுதியை, தேசிய சுகாதார சேவையின் வழக்கமான பதிவுகளும் மரணப் பதிவேடும் பார்த்துக்கொண்டன. ஜூன் 16 அன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் முடிவு வந்துவிட்டது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள், மருந்து பெற்ற குழுவில் 29.3 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 41.4 சதவீதம். எந்தப் பதிவேட்டைத் தோண்டியிருந்தாலும் இந்த எண்கள் கிடைத்திருக்காது. ஸ்டீராய்டைப் பெரும்பாலும் மோசமான நிலையில் இருந்தவர்களுக்கே கொடுத்திருப்பார்கள், பதிவுகளில் அந்த மருந்தே ஆளைக் கொன்றது போலத் தெரிந்திருக்கும்.